சாம்பாருக்குள் இருக்கும் கோதுமை

கேள்வி:

வணக்கம் அக்கா. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் மகளுக்கு வயது 17, படிவம் 5 படிக்கிறாள். இரண்டு வருடமாக இரத்தச்சோகை. எத்தனை மாத்திரை கொடுத்தும் இரத்தம் ஏறவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு ஈப்போவில் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். சீலியாக் நோய், ஆயுசுக்கும் கோதுமை, பார்லி தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுச் சமையலை முழுக்க மாற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடும்பத்தோடு டவுனுக்குப் போய் வாழை இலைச் சாப்பாடு சாப்பிடுவோம். என் வீட்டுக்காரர் செம்பனை லோரி ஓட்டுகிறார், அவருக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. மகள் ரொட்டி பக்கமே போவதில்லை. சோறு, சாம்பார், ரசம், அப்பளம், பாகற்காய் வறுவல், அவ்வளவுதான். அப்படியும் திங்கட்கிழமை வயிறு வீங்கி, பள்ளிக்குப் போக முடியாமல் படுத்துவிடுகிறாள். கடைக்காரர் என் வீட்டுக்காரரோடு ஒன்றாகப் படித்தவர். அவரிடம் போய் "சாப்பாட்டுல என்ன போடுறீங்க" என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மாமியாரோ, "கொஞ்சம் சாப்பிட்டா ஒன்னும் ஆகாது, பழகிடும்" என்கிறார். வெளியில் சாப்பிடுவதையே நிறுத்திவிடலாமா?

பதில்:

அன்புத் தங்கச்சி, நிறுத்த வேண்டாம். உங்கள் வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையை இந்த நோய்க்கு விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மகள் சாப்பிடும் சாப்பாடு மாற வேண்டும். ரொட்டியை ஒதுக்கிவிட்டாள், சரி. அவள் பத்திரம் என்று நம்பி ஊற்றிக்கொள்ளும் சாம்பாரிலும் ரசத்திலும் கோதுமை இருக்க வாய்ப்பு அதிகம்.

எப்படி என்றால், பெருங்காயம். நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பெருங்காயப் பிசினின் காரமும் நெடியும் தாங்க முடியாது. அதனால் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவு, சிலவற்றில் அரிசி மாவு. தூளாக இருந்தாலும் கட்டியாக இருந்தாலும் இதே கதைதான். கட்டியாக இருந்தால் கலப்படம் இருக்காது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். முதலில் உங்கள் வீட்டு டப்பாவையும் எடுத்துப் பாருங்கள். வீட்டை மாற்றிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெருங்காய டப்பாவை மாற்றினீர்களா?

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன்பு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்துகொண்டிருந்த ஒருவருக்கு உங்கள் மகளைப் போலவே விட்டு விட்டு வயிற்றுவலி வந்தது. அவர் வழக்கமாகப் பசியாறும் கடைக்கு ஒரு நாள் நானும் கூடவே போனேன். சமையல்காரர் நல்ல மனுசர். "மைதாவே தொடல அக்கா, பருப்பும் புளியும்தான்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அடுப்புப் பக்கத்தில் மூடி எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு மஞ்சள் டப்பா இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தோம். பொடி எழுத்தில் முதலில் கோதுமை மாவு, அப்புறம் கோந்து, அதற்கும் பிறகுதான் பெருங்காயம். அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "இருபது வருசமா கைய விட்டு எடுக்கிறேன், ஒரு நாளும் இதப் படிச்சதில்லையே" என்றார். பொய் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது பெருங்காயம், மாவு கிடையாது.

சிட்டிகை அளவுதானே என்று உங்கள் மாமியார் கேட்பார். அவருக்குக் கணக்காகவே சொல்லுங்கள். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் ஒரு வகைப் புரதம். ஒரு தேக்கரண்டி மைதாவில் அது சுமார் 200 மில்லிகிராம் இருக்கும். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரை குடல் தாங்கும் என்பது மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் அளவு. அதாவது ஒரு தேக்கரண்டி மாவில் இருபதில் ஒரு பங்கு. குளூட்டன் இல்லாத உணவு என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் 1 கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது கோடெக்ஸ் என்ற உலக அளவிலான உணவுத் தரம். சாம்பாரில் விழும் சிட்டிகை ஒன்று சிறியதுதான். ரசத்தில் ஒரு சிட்டிகை, மோரில் ஒரு சிட்டிகை, ஊறுகாயில் கொஞ்சம், அப்பளம் பொரித்த எண்ணெயில் கொஞ்சம் என்று ஒரே இலையில் எல்லாம் வந்து சேரும்போது கணக்கு ஏறிவிடுகிறது.

பழகிடும் என்பது மட்டும் நடக்கவே நடக்காது. இது ஒவ்வாமையும் இல்லை, செரிமானக் கோளாறும் இல்லை. உள்ளே போன குளூட்டனைப் பார்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் மெல்லிய குடலுறிஞ்சிகள் தட்டையாகிவிடுகின்றன. உங்கள் மகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை ஏறாததற்குக் காரணம் இதுதான். சிலருக்கு வலியே தெரியாமல் உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும். ஒரு வகையில் உங்கள் மகளுக்கு வயிறு வீங்குவது நல்லது. தப்பு நடந்ததை அது உடனே காட்டிக்கொடுக்கிறது.

இனி அந்த இலைக்கு வருவோம். பாகற்காய் வறுவல் மொறுமொறுப்பாக இருக்க அரிசி மாவு, சோள மாவு, மைதா என்று ஆளுக்கு ஒன்றைத் தூவுவார்கள். எது என்று கேட்காமல் தொட வேண்டாம். அப்பளம் பெரும்பாலும் உளுந்துதான். ஆனால் மைதாவில் புரட்டிய கோழியும் கறிப்பாப்பும் பொரிந்த அதே எண்ணெயில் பொரிந்தால் அதுவும் கெட்டது. சூட்டில் குளூட்டன் அழியாது, எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும் சரி. சேமியா பாயாசம் கோதுமை, ஜவ்வரிசிப் பாயாசம் பரவாயில்லை. கேசரி ரவை, அதாவது கோதுமை. சைவக் கடைகளில் ஆட்டுக்கறி மாதிரியே செய்து வைக்கும் போலி இறைச்சி இருக்கிறதே, அதைக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம். மாவைக் கழுவிக் கழுவிக் கஞ்சியை வெளியேற்றிவிட்டு மிச்சமாகும் குளூட்டனைத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

இவளுக்கு அசைவம்தான் சுலபம். மீன் குழம்பிலும் கோழிக் கறியிலும் பெரும்பாலும் பெருங்காயம் போடுவதில்லை. வீட்டில் அரைத்த மசாலாவா, பாக்கெட்டா என்று மட்டும் கேளுங்கள். பாக்கெட்டாக இருந்தால் பின்பக்கம் படியுங்கள். 1985-ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகளின்படி, பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அதை எழுத வேண்டும். கோதுமையைக் குறிக்கும் "கண்டும்" (gandum) என்ற மலாய்ச் சொல்லை மகள் கண் தேடிப் பழகட்டும். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் வெறும் சோறு, பெருங்காயம் தாளிக்காத கீரை, பொரியல், கெட்டித் தயிர். சோற்றின் மேல் குழம்பு ஊற்றாமல் கிண்ணத்தில் தனியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். பரிமாறுகிற தம்பி சாம்பார் கரண்டியை மீன் குழம்பு வாளிக்குள் விடுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவசரத்தில் அது நடக்கும். அதனால் சமைத்ததும், கூட்டத்துக்கு முன்பே, அவளுக்கு ஒரு கிண்ணம் எடுத்துவைக்கச் சொல்வதுதான் நல்ல வழி.

அதற்குத்தான் அந்தக் கூச்சத்தை விட வேண்டும். உங்களுக்கு வாய்த்தது பெரிய வசதி, அதைக் குறையாக நினைக்கிறீர்கள். ஈப்போ மாதிரி ஊரில் முகம் தெரியாத ஒருவரிடம் கேட்பதைவிட, உங்கள் வீட்டுக்காரரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவரிடம் கேட்பது எவ்வளவு மேல்! கேட்பதற்கு ஞாயிறு மதியம் ஒரு மணியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வேலை நாளில் மூன்று, மூன்றரை மணிக்குப் பாத்திரம் கழுவி ஓய்ந்திருப்பார்கள். அப்போது உங்கள் வீட்டுக்காரர் ஒரு தே குடிக்கப் போனமாதிரி போய்ப் பேசட்டும். "நண்பா, மகளுக்குக் கோதுமை, மைதா, ரவை, பார்லி ஆகாது. துளி பட்டாலும் பள்ளிக்குப் போக முடியல. உன் கடையில அவ எதச் சாப்பிடலாம், நீயே சொல்லு." இப்படிக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது. தன் கடைச் சாப்பாட்டைப் பற்றித் தன்னிடமே யோசனை கேட்கிறார்கள் என்றால் மனுசனுக்கு ஒரு பொறுப்பு வந்துவிடும்.

குளூட்டன் என்ற சொல்லை மட்டும் அங்கே எடுக்காதீர்கள். சமையலறையில் அந்தப் பெயரில் எந்தப் பொருளும் இல்லை. ஒரு நகரத்து உணவகத்தில் எனக்கே இது நடந்தது. உணவுப் பட்டியலில் சில வரிகளுக்குப் பக்கத்தில் குளூட்டன் இல்லை என்று குறி போட்டிருந்தார்கள். அதை நம்பி ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போய், வறுத்த மீகூன் வாங்கிக் கொடுத்தேன். அன்று இரவே அந்தப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. மறுநாள் போய்க் கேட்டபோது, மீகூன் அரிசிதானே என்றார்கள். அதில் ஊற்றிய கீச்சாப் என்ற சோயா சாஸைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. சோயாவோடு கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்துத்தான் பெரும்பாலான கீச்சாப் தயாராகிறது. அன்றைக்கு நான் பட்டியலைப் படித்தேன், சமையல்காரரைக் கேட்கவில்லை. அந்தத் தாயின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இப்போது பல கடைகளில் அடுப்படியில் நிற்பவர் தமிழ் பேசுகிறவராக இருப்பதில்லை. பங்களாதேஷிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராக இருப்பார். அதற்கு மகள் ஒரு மலாய் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளட்டும்: "சாயா தக் போலே மாக்கான் தெப்புங் கண்டும். கீச்சாப் புன் தக் போலே." கோதுமை மாவு சாப்பிடக்கூடாது, கீச்சாப்பும் கூடாது. இதையே சின்ன அட்டையில் மலாயிலும் தமிழிலும் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுப் பையில் வைத்துக்கொண்டால் சொல்ல வாய் வராத நாளில் நீட்டிவிடலாம்.

தோசையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நீங்கள் அடுத்து போகப்போவது அதற்குத்தான் என்று எனக்குத் தெரியும். அரிசியும் உளுந்தும்தானே என்று எல்லோரும் நினைப்பார்கள். காலை ஏழு மணிக்கு ஒரு கடையில் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். ரொட்டி சானாய் போடும் அண்ணன் மாவை வீசும்போது மேசையெல்லாம் மாவு. அதே கல்லில் ஒரு ஓரம் ரொட்டி, மறு ஓரம் தோசை. ரொட்டியைத் தட்டிய தோசைத்திருப்பியாலேயே தோசையைப் புரட்டுவார். நடுவில் வெங்காயத்தை வெட்டி எண்ணெய் தொட்டு ஒரு தேய் தேய்ப்பார். கல் சுத்தமாகிவிட்ட மாதிரி தெரியும், ஆகாது. சில கடைகளில் முறுகலாக வருவதற்குத் தோசை மாவிலேயே ஒரு கை மைதாவும் போடுவார்கள். ரவா தோசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தனிக் கல் வைத்திருக்கும் கடை கிடைக்காதவரை இட்லி சாப்பிடட்டும். ஆவியில் வேகிறது, ரொட்டியோடு சேர வழியில்லை. கூடவே பெருங்காயம் இல்லாமல் தாளித்த தேங்காய்ச் சட்னி.

இன்னொன்று சொல்கிறேன், பல வருடம் ஊர் ஊராகச் சுற்றி நான் கண்டுகொண்டது. நூறு வகை விற்கும் கடையைவிட ஒரே பண்டம் விற்கிறவரிடம் ஆபத்து குறைவு. மோட்டாரில் மணியடித்துக்கொண்டு இடியாப்பமும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் கொண்டுவருவாரே, அவரிடம் மாவு அரிசி மாவு மட்டும்தானா என்று கேட்டுவிட்டால் போதும். அவர் கையில் ரொட்டி இல்லை, பொரிக்கிற எண்ணெய் இல்லை. காலையில் இலையில் மடித்து விற்கும் நாசி லெமாக்கும் அப்படித்தான், பொரித்த கோழி சேர்க்காமல் முட்டையும் சம்பலும் வைத்தது. அவசரத்துக்கு வெளியே எதையாவது வாங்க வேண்டும் என்றால் இந்த மாதிரி ஆட்களைத் தேடுங்கள்.

டியூஷன் முடிந்து தோழிகளோடு மாமாக் கடையில் உட்காருவதையும் தடுக்காதீர்கள். 17 வயதில் அந்த மேசையை இழப்பது வயிற்றுவலியை விடப் பெரிய வலி. அங்கே அவள் தே குடிக்கலாம், எலுமிச்சைச் சாறு குடிக்கலாம், அவித்த முட்டை சாப்பிடலாம். மைலோ வேண்டாம், அதில் பார்லி மால்ட் இருக்கிறது. ஹார்லிக்ஸ் வேண்டாம். உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று பார்லித் தண்ணீர் வாங்கிக் கொடுப்பார்கள், அதுவும் வேண்டாம். நிறையப் பேர் கோதுமையை நினைவில் வைத்து பார்லியை மறந்துவிடுகிறார்கள். பசி என்றால் வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் கொண்டுபோகட்டும். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு தேயும் வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நீங்கள் கூடவே போய்க் கேட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்த வருடம் அவள் எந்த ஊரில் படிப்பாளோ, அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். இப்போதே அவள் வாயால் கேட்டுப் பழகட்டும்.

மாமியார் விஷயம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அறிந்த உலகத்தில் இந்த நோய் இல்லை. தென்னிந்தியாவில் இது மிக அரிது; கோதுமை தின்னும் வடக்கில்தான் அதிகம். மலேசியாவிலும் இல்லை என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் இங்கே 562 ஆரோக்கியமான இளைஞர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது 1.25 விழுக்காட்டினரிடம் இந்த நோய்க்குரிய எதிர்ப்பொருள் இருந்தது. புதுசாக முளைத்த வியாதியும் இல்லை. 1888-இலேயே லண்டனில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதியிருக்கிறார். காரணம் கோதுமைதான் என்று தெரிந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டி டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவரால்.

மாமியாரிடம் இப்படி வாதாடுவதைவிட ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஜனங்களின் உயிரைக் காப்பாற்றிய மரவள்ளிக்கிழங்கு, கேழ்வரகுக் கூழ், அரிசிப் புட்டு, இதெல்லாம் அவர் கைப்பக்குவம்தானே? ஒன்றில்கூட குளூட்டன் கிடையாது. கேழ்வரகு மட்டும் கோதுமையோடு சேர்த்து அரைக்காத மில்லில் அரைத்ததாக இருக்கட்டும். பேத்தியின் டப்பாவை நிரப்புகிற பொறுப்பை அவரிடமே விட்டால், "கொஞ்சம் சாப்பிட்டா என்ன" என்ற பேச்சு தானாகக் குறையும். எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் குறைந்திருக்கிறது.

எவ்வளவு பார்த்தாலும் என்றாவது ஒரு நாள் தவறு நடக்கும். அன்றைக்கு அவளைத் திட்டாதீர்கள், கடைக்காரரையும் திட்டாதீர்கள். தண்ணீர், கஞ்சி, ஓய்வு, அவ்வளவுதான் மருந்து. சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொண்டால் கோதுமையும் சாப்பிடலாம் என்று இணையத்தில் விற்கும் மாத்திரைகளை நம்ப வேண்டாம். என்ன சாப்பிட்டாள், எந்தக் கடை, எப்போது வலி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். எதிர்ப்பொருள் அளவும் இரும்புச்சத்தும் இறங்கியதா ஏறியதா என்று பார்த்தால், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சரியாகிவிட்டதா என்பது தெரிந்துவிடும். வயிறு வீங்குவது தொடர்ந்தாலோ எடை குறைந்தாலோ தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. அவளுக்குத் தம்பி தங்கை இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. சீலியாக் உள்ளவரின் பெற்றோர், கூடப் பிறந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருக்கலாம். நீங்கள், உங்கள் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதால் அவர்களும் இப்போது கோதுமை குறைவாகத்தான் சாப்பிடுவார்கள். கோதுமையை நிறுத்தியிருக்கும்போது எடுத்தால் நோய் இருந்தும் இரத்தத்தில் காட்டாது. அதனால் பரிசோதனைக்கு முன் எத்தனை வாரம் அவர்கள் வழக்கம்போல ரொட்டி சாப்பிட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அப்புறம் தேதி வாங்குங்கள்.